மிதிவண்டிக்கும் வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் ஏற்ப நகரச் சாலைகளை மாற்றியமைக்க நிதி ஒதுக்க வேண்டும் என்ற தங்கள் தலையங்கத்தை முழு மனதுடன் வரவேற்கிறேன். அரசுப் பள்ளிகளில் 11-ஆம் வகுப்பு மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் அரசு, அதைப் பாதுகாப்பாக ஓட்டிச் செல்வதற்கான வழியையும் தர வேண்டும் அல்லவா? தருமபுரி நான்கு ரோடு சந்திப்பில் பேருந்துகளுக்கிடையே ஓட்ட அஞ்சி, என் பேத்தி நாள்தோறும் இறங்கி, மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டே கடக்கிறாள். ஒதுங்கி நடக்கலாம் என்றால், நடைபாதையை இருசக்கர வாகனங்கள் அடைத்து நிற்கின்றன.

சென்னை பாண்டி பஜாரில் 2019-இல் திறக்கப்பட்ட நடைபாதை வளாகத்தைப் போன்ற பெருஞ்செலவை நாங்கள் கேட்கவில்லை. பேருந்து நிலையத்திலிருந்து பள்ளிகளுக்குச் செல்லும் சாலைகளில் மட்டுமேனும், சாலைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் இந்திய சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பின் நெறிமுறை கூறும் 1.8 மீட்டர் அகல நடைபாதையும் தனி மிதிவண்டித் தடமும் அமைப்பதற்கான தொகையை, அடுத்த சாலைப் பணி மதிப்பீட்டிலேயே நகராட்சி சேர்க்க வேண்டும்.

– வாசகர், தருமபுரி