கத்தியை எப்போது கொடுப்பது?

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு இன்னமும் ஆபரேஷன் தியேட்டரில் மணிக்கணக்காக நிற்கிறாய் என்று படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. பெற்ற பிள்ளைகள் சொல்லியே கேட்காதவன், நான் சொல்லியா கேட்கப்போகிறாய்? பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்பதில் ரொம்ப சந்தோஷம்.

என் பக்கத்துச் செய்தி ஒன்று உண்டு. குழந்தைகள் அறுவை சிகிச்சைக்கு நாடு முழுக்க ஒரே பயிற்சித் திட்டம் வேண்டும் என்று காலங்காலமாகப் பேசிக்கொண்டிருந்தோமே, அது ஒருவழியாகக் கையெழுத்தாகிவிட்டது. பாடத்திட்டக் குழுவை என் தலையில் கட்டிவிட்டார்கள். பாடத்திட்டம் எழுதுவதுதான் மலை போன்ற வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அந்தப் பட்டியலை நீயும் நானும் உட்கார்ந்தால் சில மாலைகளில் முடித்துவிடலாம். கத்தியை யார் கையில், எப்போது கொடுப்பது என்ற இடத்தில்தான் குழு மாட்டிக்கொண்டு நிற்கிறது.

மூத்தவர்கள் பலர் இன்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் காலத்திலேயே இருக்கிறார்கள். 1889-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறந்த பிறகு அவர் உருவாக்கிய முறையில் இத்தனை வருடப் பயிற்சி என்ற கணக்கே கிடையாது. ஆசிரியர் ‘போதும்’ என்றால்தான் முடிவு. ஆஸ்பத்திரிதான் வீடு. உள்ளே வருபவர்கள் பலர், உச்சிக்குப் போவது ஓரிருவர். (அந்த மகான் கோகெயினோடும் மார்ஃபினோடும் பட்ட பாட்டை மட்டும் இவர்கள் சொல்ல மாட்டார்கள்.) இன்று அமெரிக்காவிலேயே 2003 முதல் வாரத்துக்கு 80 மணி நேரம்தான் வரம்பு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 48. டியூட்டி நேரம் குறைந்தால், இருக்கும் நேரத்தில் யாராவது பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தாக வேண்டும். அதற்கான நேரத்தை மட்டும் எந்தத் துறைத் தலைவரும் ஒதுக்கத் தயாராக இல்லை.

இளையவர்களின் பிடிவாதம் வேறு மாதிரி. செய்த அறுவைகளைக் குறிக்கும் லாக் புக்கில் இத்தனை ஹெர்னியா, இத்தனை அப்பெண்டிக்ஸ் என்று எண்ணிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார்கள். இரைப்பையின் வெளிவாய்த் தசை தடித்து அடைத்துக்கொள்ளும் பைலோரிக் ஸ்டெனோசிஸை எடுத்துக்கொள். தடித்த தசையை நீளவாக்கில் கீறி மெல்ல விரிக்கிறோம். உள்சவ்வு கிழியாமல் பிதுங்கி மேலே வர வேண்டும். சிறுகுடல் தொடங்கும் டியோடினம் பக்கம் கொஞ்சம் கூடுதலாகப் போனால் ஓட்டை. பயந்து முன்னாலேயே நிறுத்தினால் குழந்தை மறுபடி வாந்தி எடுத்துக்கொண்டு வரும். பிரித்த பிறகு இரண்டு பக்கத் தசையும் தனித்தனியாக அசைகிறதா என்று பார்ப்பதையும், இரைப்பைக்குள் காற்றை ஏற்றிக் கசிவு பார்ப்பதையும் யாரும் சொல்லாமலே பயிற்சி மருத்துவர் செய்கிறாரா? இதெல்லாம் எந்த லாக் புக்கில் தெரியும்? மிச்சிகனில் உடல்பருமன் அறுவை செய்யும் 20 பேரின் வீடியோக்களைச் சக மருத்துவர்களிடமே காட்டி மதிப்பெண் போடச் சொன்னார்கள். கைத்திறனில் கீழே இருந்தவர்களின் நோயாளிகளுக்குத்தான் சிக்கல்கள் அதிகம் வந்தன. 2013-இல் வெளிவந்த ஆய்வு அது. குழுவில் அதைப் படித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அதனால் ஒவ்வொரு அறுவைக்கும் படிநிலை வைக்கலாம் என்கிறேன்: முதலில் பார்க்க மட்டும், பிறகு மூத்தவர் கூடவே நிற்கும்போது, அப்புறம் அவர் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது, கடைசியில் தனியாக. நெதர்லாந்தின் மருத்துவக் கல்வியாளர் ஓலே டென் கேட் 2005-இல் முன்வைத்த யோசனைதான். மேற்பார்வை எவ்வளவு தேவை என்பதை அன்றைக்குப் பக்கத்தில் நின்றவரே எழுத வேண்டும்.

பயிற்சி எங்கே என்பது அடுத்த சண்டை. எல்லோரையும் தலைநகருக்கு இழுத்தால் பாதிப் பேர் அங்கேயே தங்கிவிடுவார்கள். 1999-இல் தொடங்கிய கிழக்கு, மத்திய, தெற்கு ஆப்பிரிக்க அறுவை மருத்துவக் கல்லூரிக்குத் தனி வளாகமே கிடையாது. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளிலேயே பயிற்சி நடக்கிறது, முடித்தவர்களில் பெரும்பாலோர் அந்த நாடுகளிலேயே வேலை செய்கிறார்கள். நமக்கும் அதுதான் சரி. ஆனால் உணவுக்குழாய் அடைப்போடு பிறக்கும் குழந்தைகள் சில ஆயிரத்தில் ஒன்று. சின்ன ஊர் மருத்துவமனையில் ஒருவர் பயிற்சிக்காலம் முழுக்க அதைப் பார்க்காமலே போகலாம். அதற்கு மட்டும் பெரிய மையத்தில் சில மாதங்கள் கட்டாயம் என்று எழுதியிருக்கிறேன்.

இன்னொரு வயிற்றெரிச்சல். அனுமதித்தது எல்லாமே அறுவை மருத்துவர் இடங்கள்தான். மயக்க மருத்துவருக்கும் பச்சிளங்குழந்தை செவிலியருக்கும் ஒன்றுகூட இல்லை. குடல் வெளியே வந்த நிலையில் பிறக்கும் குழந்தைகளில் ஏழை நாடுகளில் 90 சதவீதம் இறப்பதாகவும், பணக்கார நாடுகளில் 1.4 சதவீதம்தான் என்றும் 74 நாடுகளின் மருத்துவமனைகளில் எடுத்து 2021-இல் வெளிவந்த கணக்கு சொல்கிறது. அந்த வித்தியாசம் நம் தையலில் மட்டுமா இருக்கிறது? சிரை வழி ஊட்டம், வென்டிலேட்டர், இரவில் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஒரு நர்ஸ்... இதை எழுதிக் கொடுத்தேன். ‘அடுத்த கட்டத்தில் பார்க்கலாம்’ என்று பதில் வந்தது. விடப்போவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பயிற்றுநர்களுக்கான முதல் முகாமை நீ நடத்தித் தர வேண்டும். ஜூனியர் தடுமாறும்போது கையை நீட்டிப் பிடுங்காமல் நிற்கிற பொறுமை, நான் பார்த்தவரை உனக்குத்தான் உண்டு. உட்கார்ந்தே பேசலாம், நாற்காலி போடச் சொல்கிறேன். பச்சிளங்குழந்தை அறுவைகளின் பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். தேவையில்லாததைச் சிவப்பு மையில் அடித்து, மாதக் கடைசிக்குள் திருப்பி அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்