பளுதூக்கும் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கூட்டங்கள் உரிய காலத்தில் நடந்தன. கணக்கைப் பொருளாளர் படிப்பார். இந்த ஆண்டு நாம் அதிகம் வாதாடிய விஷயத்துக்கு நேராக வருகிறேன்: அசையாத கம்பி.

முன்பெல்லாம் ஒருவர் களைத்திருக்கிறாரா என்று அறிய உச்ச எடையைத் தூக்கச் சொல்வோம். அந்தச் சோதனையே ஆளைக் களைப்பாக்கிவிடும். இப்போது கம்பியை ரேக் எனும் இரும்புச் சட்டத்தில் தொடை நடு உயரத்தில் பூட்டிவிட்டு, கையில் ஸ்டிராப் கட்டி, போர்ஸ் பிளேட் எனும் விசை அளக்கும் தட்டின்மீது நின்று ஐந்து நொடிவரை முழு மூச்சாக இழுக்கச் சொல்கிறோம். பளுவைத் தரையிலிருந்து தோளுக்குக் கொண்டுவரும் கிளீனில் இரண்டாம் இழுப்பு தொடங்கும் அதே நிலை. கம்பி நகராது, காலடித் தட்டு விசையை நியூட்டனில் காட்டும். எதுவும் கீழே விழாததால் அந்த நேரத்தில் மட்டும் அக்கம்பக்கத்துப் புளோக்கிலிருந்து புகார் வருவதில்லை.

மார்ச்சில் ஒரு தம்பியின் அளவு திடீரென ஏறியது. கைதட்டினோம், அவரும் எல்லாருக்கும் கோப்பி வாங்கிக் கொடுத்தார். அடுத்த வாரம்தான் தெரிந்தது, ரேக்கில் கம்பியின் உயரத்தை அமைக்கும் பின்னை யாரோ ஒரு துளை மேலே மாற்றியிருக்கிறார்கள். அந்த யாரோ நான்தான். முழங்கால் கோணம் 125 முதல் 145 பாகை, இடுப்புக் கோணம் 140 முதல் 150 பாகை என்பது வழக்கமான வரம்பு. அதற்குள் ஒருவருக்கு அமைத்த உயரத்தைப் பிறகு மாற்றக் கூடாது. இப்போது அவரவர் துளை எண் சுவரில் ஒட்டியிருக்கிறது.

இன்னொரு குளறுபடி: தட்டு காட்டிய விசையிலிருந்து சிலருக்கு உடல் எடையைக் கழித்தும் சிலருக்குக் கழிக்காமலும் எழுதியிருந்தோம். இனி எல்லாருக்கும் கழித்தே எழுதுவோம். "2,000 நியூட்டன்னா 204 கிலோவாச்சே, நான் அவ்வளவு தூக்குவேனா அண்ணே?" என்று ஒரு பிள்ளை கேட்டது. நகராத கம்பியை இழுப்பது வேறு, பளுவைத் தோளுக்குக் கொண்டுவருவது வேறு என்று விளக்கினேன். முகம் வாடிவிட்டது.

தேசியச் சேவைப் பயிற்சி முகாமிலிருந்து திரும்பிய ஒருவருக்கு உச்ச விசை பழையபடியே இருந்தது. ஆனால் முதல் 200 மில்லிநொடியில் எட்டிய விசை மூன்று இழுப்பிலும் குறைவு. கிளீனில் அந்த இரண்டாம் இழுப்பு கால் நொடிக்குள் முடிந்துவிடும் என்பதால், பயிற்சியாளர் அந்த வாரம் பளுவைக் குறைத்தார். ஆனாலும் இந்தத் தொடக்க அளவு உச்ச விசையைவிட அதிகம் ஏறி இறங்கக்கூடியது, ஒரே நாள் எண்ணை நம்பிவிடக் கூடாது.

இந்தச் சோதனையை வைத்தே அணியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று செயற்குழுவில் இருவர் சொன்னார்கள். நான் ஒப்பவில்லை. 1960இல் ரோமில் பளுதூக்கும் வீரர் டான் ஹவ் லியாங் சிங்கப்பூருக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் வாங்கித் தந்தது, மேடையில் அன்றைய மூன்று தூக்கு முறைகளிலும் சேர்த்துத் தூக்கிய 380 கிலோவுக்கு. வலிமை இருந்தும், பளுவை ஒரே வீச்சில் தூக்கும் ஸ்நாட்சில் அதைத் தலைக்குமேல் நிறுத்த முடியாதவர்கள் நம்மிடமே இருக்கிறார்கள்.

அப்புறம், விசை அளக்கும் அந்தத் தட்டு இரவல். திருப்பிக் கேட்டுவிட்டார்கள். சங்கிலியில் மாட்டும் தொங்கு தராசு மலிவுதான், ஆனால் நாம் பார்த்த தராசு உச்சத்தை மட்டுமே காட்டியது. விலை விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. தட்டு வாங்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்