எங்கள் அத்தோ கடையை மறுபடி திறக்க வைத்தவர்களுக்கு

அன்புடையீர்,

சென்னை பாரிமுனை செகண்ட் லைன் பீச்சில், கையால் பிசைந்து கொடுக்கும் பர்மா நூடுல்ஸான அத்தோ விற்கும் எங்கள் தள்ளுவண்டிக் கடை மறுபடியும் திறந்துவிட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் அம்மா சூப் அண்டாவை ஏற்றிவிடுகிறார். தம்பி முட்டைக்கோஸ் நறுக்குகிறான். அப்பா அத்தோ பிசையும் பேசினில் கை வைத்துவிட்டார். இதை உங்கள் எல்லோருக்கும் நேரில் சொல்ல முடியவில்லை என்பதால்தான் இந்த மடல்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது தள்ளுவண்டி பாரிமுனையில் பத்திரமாகவே நின்றது. தண்ணீர் புகுந்தது வியாசர்பாடியில் எங்கள் வீட்டுக்குள். கடைக்கு வேண்டியது எல்லாம் அங்கேதான் தயாராகும். மைதா பிசைந்து, ரோலரில் தேய்த்து, இழையாக வெட்டி, வேகவைத்து, ஒட்டாமல் இருக்க எண்ணெய் புரட்டி ஆறவைத்து, பிறகுதான் வண்டிக்கு எடுத்துப்போவோம். அத்தோவில் நொறுக்கிப் போடும் மொறுமொறு பேஜோவும் அங்கேயே பொரித்து டின்னில் அடைப்போம். மோட்டார், மைதா மூட்டைகள், பூண்டு, கடலை மாவு, டின் டின்னாகப் பேஜோ, எல்லாம் இடுப்பளவு சாக்கடைத் தண்ணீரில் போயின. அப்பா ஒன்றும் பேசவில்லை. ஈர மாவைத் தெருவில் வாரிக் கொட்டிக்கொண்டே இருந்தார்.

முதல் நன்றி எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் அத்தோ போடும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும். தெருவுக்கு வருகிறவர்கள் ஒரே கூட்டம். எங்களிடம் சாப்பிடாதவர் உங்களிடம் சாப்பிடுவார், அவ்வளவுதான் கணக்கு. எங்கள் வண்டி மூடிக் கிடந்தால் உங்களுக்கு லாபம். அப்படி இருந்தும், தண்ணீர் வடிந்த கையோடு ஆள் அனுப்பி, "நூடுல்ஸ் நாங்க போட்டுத் தர்றோம், நீங்க வண்டியை மட்டும் திறங்க" என்றீர்கள். உங்கள் வீட்டிலும் தண்ணீர் ஏறித்தான் இருந்தது. எங்கள் ரோலர் ஓடும் வரை ஒவ்வொரு நாளும் உங்கள் பங்கிலிருந்து எடுத்துக் கொடுத்தீர்கள். காசைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றீர்கள். அந்த நாட்களில் எங்களிடம் சாப்பிட்டவர்கள், இழை கொஞ்சம் மெலிசாக இருக்கிறதே என்று கேட்டிருந்தால் காரணம் இதுதான்.

இந்தத் தெருவில் பழைய கதை எல்லோருக்கும் ஒன்று. 1962இல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் ரங்கூனில் கடைகளை அரசே எடுத்துக்கொண்டது. அதே வருடம் பர்மா பணமான சாட்டில் ஐம்பது, நூறு நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். தாத்தாவின் சேமிப்பு பெரும்பாலும் அந்த நோட்டுகளில் இருந்தது. கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது அவரிடம் கையில் கட்டிய துணி மூட்டையும், அப்பத்தாவுக்குத் தெரிந்த சமையலும்தான் மிச்சம். பர்மா பஜார் உருவாவதற்கு முன்பே, பிளாட்பாரத்தில் ஒரு கூடையோடு உட்கார்ந்தார்கள்.

அன்றைக்கு ஆரஞ்சு நிறத்தில் ஆறிப்போன நூடுல்ஸைக் கையால் பிசைந்து கொடுத்தால் யார் வாங்குவார்கள்? துறைமுகத்து லோடுமேன்கள் வாங்கினார்கள். மூட்டை இறக்கிவிட்டு வந்த பசியில், புளித்தண்ணீரும் பூண்டெண்ணெயும் மிளகாய்த்தூளும் சேர்ந்த அந்த உறைப்பு அவர்களுக்குப் பிடித்துப்போனது என்று அப்பத்தா சொல்வார். ரங்கூனில் நூடுல்ஸோடு சேர்த்துக் குடிக்கும் மொய்ங்கா சூப் என்றால் மீன் இல்லாமல் இருக்காது. இங்கே வெள்ளி, செவ்வாயில் கவிச்சி தொடாதவர்கள் நிறைய என்று பார்த்து, அப்பத்தா மீனை விட்டுவிட்டு வாழைத்தண்டை மட்டும் போட்டுச் சூப் வைக்க ஆரம்பித்தார். இன்று வரை அதே பக்குவம்தான். அந்த லோடுமேன்களில் பலர் இன்று இல்லை. அவர்கள் பிள்ளைகளும் பேரன்களும் இந்த மடலைப் படித்தால், உங்கள் பெரியவர்கள் கொடுத்த காசில்தான் எங்கள் அப்பா பள்ளிக்கூடம் போனார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மைதா மண்டி முதலாளிக்கு: பழைய பாக்கி இருக்கும்போதே புது மூட்டை ஏற்றி அனுப்பினீர்கள், துண்டுச் சீட்டுகூட எழுதவில்லை. தை முடிவதற்குள் முழுவதும் தீர்த்துவிடுவோம். மோட்டாருக்குக் காயில் கட்டிக் கொடுத்த புளியந்தோப்பு மெக்கானிக் அண்ணனுக்கு: உங்கள் பட்டறையிலேயே சேறு நிற்க, எங்கள் வேலையை முதலில் எடுத்தீர்கள். நீங்கள் வாங்கிக்கொள்ள மறுத்த கூலிக்குச் சாப்பிட வாருங்கள், குடும்பத்தோடு. ஹைகோர்ட் வக்கீல் குமாஸ்தாக்கள், பீச் ஸ்டேஷனில் இறங்கி வரும் கல்லூரிப் பிள்ளைகள், எங்கள் வீட்டுச் சுவர் வரை கழுவிவிட்டுப் போனீர்கள். வியாசர்பாடிக்கு வரும் கணேசபுரம் சுரங்கப்பாதை மூடிக் கிடந்ததால் சுற்றிக்கொண்டு வந்தீர்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

மணிப்பூரின் மோரேயிலிருந்து வந்த குடும்பத்துக்குத் தனியாக ஒரு சொல். பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று தரைவழியாகப் போய் எல்லையில் தங்கிவிட்ட நம் சனங்களின் பேரப்பிள்ளைகள் நீங்கள். 2023 மே மாதம் கலவரம் தொடங்கியதிலிருந்து உங்கள் பக்கமே நிம்மதி இல்லை. ஊர் பார்க்க வந்த இடத்தில், இரண்டு தட்டு அத்தோவுக்கு இவ்வளவு பணமா என்று அம்மா திருப்பிக் கொடுக்க வந்தபோது நீங்கள் தெருமுனை தாண்டிப் போயிருந்தீர்கள். அந்தப் பணத்தில் புது பேசினும் பேஜோ பொரிக்கும் கடாயும் வாங்கினோம்.

பெயர் போடக் கூடாது என்று நிறையப் பேர் சொல்லிவிட்டீர்கள். அதனால் யார் பெயரும் எழுதவில்லை. விட்டுப்போனவர்கள் உரிமையோடு வந்து கேளுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் தீரவில்லை. தண்ணீர் வடிந்த மறுநாள் காலை, எங்கள் வாசலில் சுடச்சுடச் சாம்பார் சாதத்தோடு ஓர் அலுமினிய அண்டாவை யாரோ வைத்துவிட்டுப் போயிருந்தீர்கள். எங்கள் சந்து முழுக்க அன்று அதைத்தான் சாப்பிட்டது. அண்டாவின் அடியில் "ச" என்று புள்ளி குத்தியிருக்கிறது. கழுவித் துடைத்துக் கடையில் வைத்திருக்கிறோம். எந்தச் சாயங்காலமும் வந்து வாங்கிக்கொள்ளலாம். ஞாயிறு மட்டும் விடுமுறை.

நன்றியுடன்,
அத்தோ கடைக் குடும்பத்தார்,
செகண்ட் லைன் பீச், சென்னை