முன்கூரை உதிரவில்லை, அது இருந்ததே இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், புதுச்சேரியில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டு ஷெட்டில் கிடக்கும் காரைப் பற்றிய கட்டுரையை மூன்று முறை படித்தேன். 'கூரையின் முன்பாதி துருப்பிடித்து உதிர்ந்துவிட்ட நிலையில்' என்று ஒரு வரி. அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை.

ஐயா, அந்த வண்டிக்கு முன்கூரை இருந்ததே இல்லை. கட்டியதே அப்படித்தான். டவுன் கார் என்பார்கள், பிரெஞ்சுக்காரர்கள் கூப்பே தெ வீல் என்பார்கள். முதலாளி பின்னால் கண்ணாடிக் கதவுக்குள்ளே, டிரைவர் முன்னால் வெயிலிலே. கோச்சு வண்டியில் வண்டிக்காரன் வெளியே உட்கார்ந்த வழக்கம் காருக்கும் வந்தது. மழை பிடித்தால் தலைக்கு மேல் ஒரு கித்தானை இழுத்து மாட்டிக்கொள்வார்கள். நீங்கள் போட்ட படத்திலேயே, டிரைவருக்குப் பின்னால் இருக்கும் நடுக் கண்ணாடிக்கு மேல் விளிம்பில் பித்தளைக் குமிழ்கள் வரிசையாகத் தெரிகின்றன. கித்தான் மாட்டுகிற குமிழ்கள் அவை. உங்கள் அலுவலகத்தில் ஒருவர்கூடவா அதைக் கவனிக்கவில்லை?

அடுத்து, 'வலது பக்க ஸ்டீயரிங் என்பதால் இது ஆங்கிலேயர் வண்டி' என்று தீர்ப்பே எழுதிவிட்டார் நிருபர். தெலாஜ், இஸ்பானோ சுய்சா, புகாட்டி என்று 1920, 30களில் பிரான்ஸின் பெரிய வண்டிகள் பலவற்றுக்கும் ஸ்டீயரிங் வலது பக்கம்தான் என்பது தங்களுக்குத் தெரியாதது அல்ல. அங்கே வண்டிகள் சாலையின் வலது ஓரமாகப் போகும், டிரைவர் நேராக நடைபாதையில் இறங்கிக் கதவைத் திறந்துவிட அதுதான் தோது.

கரூரில் பஸ்ஸுக்கு பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு மீதியை விளக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் உயர்ந்த கார்களும் பெரும்பாலும் அப்படித்தான். கம்பெனி சேஸிஸ், அதாவது இன்ஜினும் சக்கரமும் பூட்டிய அடிச்சட்டம், கொடுக்கும், பாடி வேறொருவர் கட்டுவார். ரோல்ஸ் ராய்ஸ்கூட இரண்டாம் உலகப் போர் வரை வெறும் சேஸிஸ்தான் விற்றது. அதனால் முன்னால் இருக்கும் சின்னத்தைப் பார்த்துப் பெயர் வைத்தால் பாதிதான் தெரியும். உங்கள் படத்தில் அதுவும் இல்லை, ஏதோ லாரி ரேடியேட்டரை மாட்டியிருக்கிறார்கள். 1920களின் ரெனோ என்றால் ரேடியேட்டர் இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும், பானெட் முன்பக்கம் சரிந்து இறங்கும். தெலோனே பெல்வில் என்றால் பானெட் உருண்டையாக இருக்கும். இது இரண்டும் இல்லை. சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், பாடி நம்பர் மூன்றையும் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. பாடி கட்டியவர் போடும் அந்த பாடி நம்பர் பல வண்டிகளில் தகட்டுக்கு உள்ளே இருக்கும் மரச்சட்டத்திலேயே குத்தியிருக்கும். அந்த மரம் ஆஷ் என்கிற ஐரோப்பிய மரம் என்றால் ஐரோப்பாவில் கட்டியது என்று எடுத்துக்கொள்ளலாம். தேக்கு என்றால் மதராஸ் பக்கம் தேட வேண்டும். 1903இல் சிம்சன் கம்பெனியில் நீராவிக் காரே செய்த ஊர் அது.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். மஞ்சக்குப்பத்தில் என் அப்பாவுக்குப் பட்டறை இருந்தது. 1969இல், எனக்குப் பத்து வயதில், இதே மாதிரி ஒரு வண்டி புதுச்சேரியிலிருந்து வந்தது. வாங்கியவர் அதை மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விட நினைத்தார். ஆனால் மாப்பிள்ளை கூண்டுக்குள் உட்கார்ந்தால் யாருக்குத் தெரியும்? பின்கூரையை அறுத்து எடுக்கச் சொன்னார். அப்பா இரண்டு நாள் பேசிப் பார்த்தார். மூன்றாம் நாள் ஹாக்ஸா பிளேடை எடுத்தார். நான் ஓரத்தைத் தாங்கிப் பிடித்திருந்தேன். உள்துணியைக் கிழித்தபோது சட்டத்தில் நான்கு இலக்கம் குத்தியிருந்தது. அப்பா விரலால் தடவிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. யாரும் அதை எழுதி வைக்கவும் இல்லை. ஐந்தே வருடத்தில் வண்டி காயலான் கடைக்கு எடைக்குப் போனது. பின்சீட்டிலிருந்து டிரைவரிடம் பேசுகிற குழலின் ஊதுவாய் மட்டும் என்னிடம் இருக்கிறது. கொட்டைப்பாக்கு அளவு, கறுப்பு, ஓரத்தில் பல் பட்ட தடம். 2011 டிசம்பரில் தானே புயல் பட்டறைக் கூரையைக் கொண்டு போனபோது அப்பாவின் கணக்கு நோட்டுகளும் போயின. இது மட்டும் என் சட்டைப்பையில் இருந்ததால் தப்பியது.

மிச்சம் இருக்கிற வண்டிகளைக் காப்பாற்றவும் வழி விடுவதில்லை. 2021இல் 50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத் தனிப் பதிவு வந்தது. கட்டணம் 20,000 ரூபாய், சரி, அதைக் கட்டிவிடலாம். தெரிந்தவர் ஒருவருக்காக அடுத்த வருடம் ஓர் அலுவலகத்துக்குக் கூடப் போனேன். வெளிநாட்டு வண்டியா, பில் ஆஃப் என்ட்ரி கொண்டுவா என்றார்கள். 1954 நவம்பருக்கு முன்னால், பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், இப்போது தூண்கள் மட்டும் நிற்கிற அந்தப் பழைய கடல் பாலத்தில் கப்பலிலிருந்து இறங்கிய வண்டிக்கு இந்தியச் சுங்கச் சீட்டுக்கு எங்கே போவது? நான்கு முறை அலைந்தோம். அப்போதே தங்களுக்கு விரிவாக எழுதினேன், வரவில்லை. இடப் பற்றாக்குறை இருந்திருக்கும். ஒயிட் டவுனில் ஒரு ஜன்னல் கதவு பெயர்ந்தால் முதல் பக்கத்தில் படம் போடுகிறீர்கள், போட வேண்டியதுதான். அந்த வீட்டு வாசலில் நின்ற வண்டியும் அதே ஊருடையதுதானே.

இப்போது என் பயமெல்லாம் கட்டுரையின் கடைசிப் பத்தி பற்றியது. 'புதுக்கூரை போட்டு, பெயின்ட் அடித்து' ஓடவிடப் போகிறாராம் உரிமையாளர். உங்கள் வரியை நம்பி அவர் முன்கூரை போட்டுவிட்டால் இன்னொரு வண்டியும் போனது.

ஆகவே, வரும் ஞாயிறு இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். கூரை போட வேண்டாம், கதவுப்படியில், பாடி கட்டியவர் பெயர் இருக்கக்கூடிய பித்தளைத் தகட்டை எமரித்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம் என்று உரிமையாளரிடமும் சொல்லுங்கள். கதவு திறந்திருக்கும் அந்தப் படத்தில் தகட்டின் கடைசிச் சொல் ஐந்து எழுத்து என்பது வரை லென்ஸில் தெரிகிறது. பாரிஸ் என்றுதான் எனக்குப் படுகிறது. அதற்கு மேல் அச்சு கலங்கிவிட்டது. அந்தப் படத்தின் நல்ல பிரதி ஒன்றை எனக்குத் தபாலில் அனுப்பினால் போதும். செலவை நான் கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
நாற்பது வருட வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.