மோர் கொடுத்தவர்கள் நாங்கள் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர் பங்குனித் தேரோட்டம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். தேர் படம் அழகாக வந்திருந்தது. ஆனால் கடைசிக்கு முந்தைய வரி மூன்று நாளாக மனதை அறுத்துக்கொண்டிருக்கிறது. "சாரண மாணவர்கள் கூட்டத்தை ஒழுங்குபடுத்தினர். பள்ளி மாணவிகள் பக்தர்களுக்கு மோர் வழங்கினர்" என்று போட்டிருக்கிறீர்கள்.

மோர் கொடுத்தது வியாபாரிகள் சங்கம். பந்தலில் அவர்கள் பேனரே தொங்கியது. நீலச் சீருடையும் கழுத்தில் ஸ்கார்ஃபுமாகக் காலை ஆறு மணியிலிருந்து தெற்கு ரத வீதியில் நின்ற 24 பிள்ளைகளும் என் சாரணியர், அதாவது சாரண இயக்கத்தின் பெண் பிள்ளைகள், கைட்ஸ் என்பார்கள். நான் அந்தப் படைக்கு 19 வருடமாக கைடு கேப்டன், அதாவது பொறுப்பாசிரியை. வடக்கு வீதியில் நின்ற பையன்களும் நன்றாகத்தான் வேலை செய்தார்கள், அவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் கிடையாது. தெற்கு வீதியில் யார் நின்றார்கள் என்று தங்கள் நிருபர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். தேர் திரும்பும் முனையில் கூட்டம் சக்கரத்துப் பக்கம் போய்விடக் கூடாது என்று வீதியோரக் கம்பங்களில் கயிறு கட்டியது எங்கள் படையின் மல்லிகை அணி. க்ளோவ் ஹிட்ச் முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும். பத்தரை மணி வெயிலில் ஒரு பாட்டி அப்படியே சரிந்துவிட்டார். சுற்றி நின்றவர்கள் "சோடா வாங்கிட்டு வா", "முகத்துல தண்ணி அடி" என்று கத்திக்கொண்டிருந்தார்களே தவிர யாரும் விலகி வழி விடவில்லை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் அணித் தலைவி கூட்டத்தைப் பின்னுக்குத் தள்ளச் சொல்லிவிட்டு, இரண்டு மூங்கில் கழியைக் கீழே போட்டு, பந்தலில் கிடந்த ஜமக்காளத்தை அதன்மேல் இரண்டு பக்கமும் மடித்தாள். ஆள் படுத்ததும் அந்தக் கனமே மடிப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், முடிச்சே வேண்டாம். நான்கு பேர் தூக்கி மண்டப நிழலுக்குக் கொண்டுபோய், காலை உயர்த்தி வைத்து, ஈரத்துணியால் கழுத்தையும் கையையும் துடைத்தார்கள். நினைவு நன்றாகத் திரும்பிய பிறகுதான் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். ஆம்புலன்ஸ் வந்தபோது பாட்டி எழுந்து உட்கார்ந்து, "ஏ தாயி, எஞ் செருப்ப எங்க போட்டீக?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு குழந்தைக்குக் கையில் அடி. ஸ்கார்ஃபை முக்கோணமாக மடித்துத் தூளி கட்டினார்கள். அதற்கு ரீஃப் முடிச்சுதான் போட வேண்டும், தட்டையாக இருக்கும், தோளில் உறுத்தாது. இதெல்லாம் ஒரு நாளில் வராது ஐயா. சனிக்கிழமை தோறும் பள்ளி வேப்பமரத்தடியில் கட்டி, அவிழ்த்து, திரும்பக் கட்டிப் பழகியது.

இந்த இயக்கத்தின் வரலாறு பத்திரிகை நடத்தும் உங்களுக்குத் தெரியாததல்ல. 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த சாரணர் பேரணிக்குப் பெண் பிள்ளைகள் சிலர் அழைப்பில்லாமல் தாங்களாகவே போய், நாங்களும் சாரணர்தான் என்று நின்றார்கள். அதற்குப் பிறகுதான் 1910இல் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் தலைமையில் பெண்களுக்கென்று தனி இயக்கம் வந்தது. அடுத்த வருடமே ஜபல்பூரில் முதல் படை தொடங்கியாகிவிட்டது. 1951 ஆகஸ்ட் 15 அன்று கைட்ஸும் பாரத சாரண சாரணியர் இயக்கத்தோடு சேர்ந்துவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் "சாரணியர்" என்ற ஒரு சொல்லைப் போட உங்களுக்கு மனம் வரவில்லையே.

இது முதல் தடவையாக இருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். 2025 தொடக்கத்தில் மணப்பாறை சிப்காட்டில் தேசிய ஜாம்பூரி என்ற சாரண, சாரணியர் பெருமுகாம் நடந்தபோது நீங்கள் பக்கம் பக்கமாகப் படம் போட்டீர்கள். கம்பும் கயிறும் வைத்துக் கட்டிய நுழைவாயில் முன்னால் பையன்கள், கூடாரத்து முன்னால் பையன்கள், பெண்கள் வந்தது கிராமிய நடனப் படத்தில் மட்டும். அதே மாதிரி நுழைவாயிலை எங்கள் பிள்ளைகள் ஒரு ஆணிகூட அடிக்காமல் கட்டுவார்கள்.

உங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஊரில் எந்த விழா என்றாலும் "டீச்சர், உங்க கைட்ஸ் பிள்ளைகள்ல உயரமா நாலு பேரை அனுப்புங்க" என்றுதான் ஆள் வரும். எதற்கு? பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்க. இரண்டு தீக்குச்சிக்கு மேல் செலவழிக்காமல் விறகடுப்பு பற்றவைத்து, திறந்த வெளியில் 32 பேருக்குச் சோறு பொங்கத் தெரிந்த பிள்ளைகளை, திசைகாட்டியை வைத்து வழி கண்டுபிடிக்கிற பிள்ளைகளை, கல்கண்டுத் தட்டோடு நிற்க வைக்கிறார்கள். நான் அனுப்புவதை நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது. திமிர் பிடித்தவள் என்ற பெயர்தான் மிச்சம்.

அப்புறம், இராத் தங்கும் முகாம். பையன்களுக்குத் தகப்பனாரின் கையெழுத்து ஒன்று போதும். பெண்களுக்கு நான் வீடு வீடாகப் போக வேண்டும். வாசலில் நிற்க வைத்தே பேசி அனுப்பியவர்களும் உண்டு. ஒரு தாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "டீச்சர், நீங்க அவ பக்கத்துலயே படுத்துக்குவீங்கள்ல?" என்றார். படுத்துக்கொண்டேன். ஒருமுறை கதவில் தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறையோடு இடம் கொடுத்தார்கள், இரவு முழுக்க நானும் இன்னொரு ஆசிரியையும் முறை வைத்து வாசலில் நின்றோம். அந்த முகாமுக்கு வந்த பிள்ளைகளில் ஒருத்தி பின்னாளில் ராஜ்ய புரஸ்கார் என்ற மாநில விருதுக்கு ஆளுநர் கையெழுத்திட்ட சான்றிதழ் வாங்கினாள். ஊரில் யாருக்கும் தெரியாது. செய்தி எழுதி, போட்டோவும் வைத்து, நானே உங்கள் உள்ளூர் நிருபரிடம் கொடுத்தேன். வரவில்லை. இடமில்லாமல் போயிருக்கும் என்று அப்போது மனதைத் தேற்றிக்கொண்டேன். அதே வாரம் ஒரு கடைத் திறப்பு விழாவுக்குக் கால் பக்கம் இடம் இருந்தது.

சரி, நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளூர்ப் பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். தெற்கு ரத வீதியில் பணி செய்தவர்கள் சாரணியர், முதலுதவி செய்ததும் அவர்களே என்று. யார் பெயரும் போட வேண்டாம், படமும் வேண்டாம். இனிமேல் எழுதும்போது "சாரண, சாரணியர்" என்று சேர்த்து எழுதினால் போதும்.

செய்தி வந்த அன்று காலை அந்த அணித் தலைவி பேப்பரை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்தாள். "டீச்சர், நம்ம மோரா குடுத்தோம்?" என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, புரியாமல் கேட்டாள். எங்கள் படையில் பதிவேடு ஒன்று உண்டு, ஒவ்வொரு பணிக்கும் ஒரு பக்கம். தேரோட்டத்துப் பக்கத்தில் எல்லார் பெயரும் எழுதி, பத்திரிகைச் செய்தியை ஒட்டக் கீழே அரைப் பக்கம் விட்டிருந்தார்கள். வந்த செய்தியை ஒட்ட நான் விடவில்லை. அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு சாரணிய ஆசிரியை