ஆச்சிக்கு ஒரு ஆத்தங்கரை

தெருவிலும் அக்கம்பக்கத்திலும் இருக்கிற சொந்தங்களுக்கு வணக்கம்.

சித்ரா பௌர்ணமி ராத்திரி எங்கள் புறவாசலில் இருபத்திரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிட்டோம். நடுவில் ஆச்சி. வந்தவர்களுக்கு அன்றைக்கே நன்றி சொல்லிவிட்டேன். ஆனால் அந்த இடத்தை உண்டாக்கிக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் அன்று பந்தியில் இல்லை. இந்த மடல் அவர்களுக்கு.

ஆச்சி கல்யாணமாகித் திருவைகுண்டத்துக்கு வந்த நாள் முதல் சித்ரா பௌர்ணமி என்றால் தாமிரபரணிக் கரைதான். தூக்குவாளிகளில் புளியோதரை, தேங்காய்ச் சாதம், தயிர்ச்சோறு, இலைக்கட்டு எல்லாம் எடுத்துக்கொண்டு தெருவே போகும். பக்கவாதம் வந்தபிறகு படித்துறையில் இறங்க முடியவில்லை. போன வருஷம் எல்லாரும் கிளம்பும்போது வாசலில் சக்கர நாற்காலியில் இருந்தபடி, "நீங்க போயிட்டு வாங்க, எனக்குக் கொஞ்சம் புளியோதரை எடுத்து வச்சிருங்க" என்றாள். அது எனக்கு ஆறவே இல்லை.

புறவாசலில் வேப்பமரம் இருக்கிறது, நிலா இருக்கிறது. ஆனால் கதவைத் திறந்தே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. ஆறு எங்கள் பின்சுவரைச் சாய்த்துவிட்டு முழங்கால் உயரத்துக்கு வண்டலைப் போட்டுவிட்டுப் போனது. வீட்டுக்குள் இருந்த சேற்றை அள்ளுவதற்குள்ளேயே எங்களுக்குத் தெம்பு தீர்ந்துபோனது. பின்னால் சீமைக்கருவேல் முளைத்து, பாம்பும் வந்தது.

வாழைத்தோட்டத்து அண்ணாச்சி, முதல் நன்றி உங்களுக்கு. டிராக்டரோடு வந்து ஏழு நடை மண் அடித்தீர்கள். கூலி கேட்டபோது, "இது நல்ல வண்டல் தாயி, என் வாழைக்கு ஆகும்" என்று பேச்சை முடித்துவிட்டீர்கள். பந்திக்கு இலையும் உங்கள் தோட்டத்து இலைதான்.

கொத்தனார் அண்ணாச்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முதலில் பார்க்க வந்த வேறொருவர், மரத்தை வெட்டிவிட்டு முழுக்கக் காங்கிரீட் போடச் சொன்னார். நீங்கள் மரத்தைச் சுற்றி மூன்றடிக்கு மண்ணை அப்படியே விட்டீர்கள், வேருக்குத் தண்ணீரும் காற்றும் போகட்டும் என்று. வேம்பின் நிழல் எங்கே விழுகிறது என்று ஒரு நாள் முழுக்கக் கரிக்கட்டியால் கோடு போட்டுப் பார்த்துவிட்டு, நிழலுக்குள் மட்டும் கடப்பா கல். வெயில் படுகிற பக்கத்துக்கு, சாய்ந்த சுவரின் செங்கல். கறுப்புக் கல் வெயிலில் காய்ந்தால் வெறுங்காலை வைக்க முடியாது என்று நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

வேலை முடிந்த சாயங்காலம் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். இருபதடி நீளத்துக்கு மூன்று அங்குலம் வாட்டம். தண்ணீர் உறிஞ்சுகுழிப் பக்கம் ஓடியிருக்க வேண்டும். நடுவில் ஒரு உள்ளங்கை அளவுக்குத் தேங்கி நின்றது. எங்களுக்கு அது பெரிதாகவே படவில்லை. மறுநாள் காலையில் அந்த இடத்துப் பதினோரு கல்லையும் பெயர்த்து, மணலை மட்டம் பார்த்துத் திரும்பப் பதித்தீர்கள். அந்த நாளுக்குக் கூலி வாங்க மறுத்துவிட்டீர்கள். கூட வேலை பார்த்த சித்தாள் அக்காக்கள் இரண்டு பேருக்கும் என் கும்பிடு.

பிசியோதெரபிக்கு வரும் தம்பி சொல்லாவிட்டால் ஆச்சி வெளியே வந்திருக்கவே முடியாது. புறவாசல் படி ஒரு அடி உயரம். நாங்கள் நாலடியில் சாய்தளம் போட இருந்தோம். ஒரு அடிக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், இல்லாவிட்டால் நாற்காலியைத் தள்ளுகிறவருக்கும் ஆபத்து, உட்கார்ந்திருப்பவருக்கும் ஆபத்து என்று வரைந்தே காட்டினீர்கள் தம்பி. சாப்பாட்டுத் திண்டுக்கு அடியில் நாற்காலி நுழைய இருபத்தேழு அங்குலம் இடம் விடச் சொன்னதும் நீங்கள்தான். அதனால்தான் ஆச்சி மடியில் தட்டை வைத்துக்கொள்ளாமல் எல்லாரையும் போல இலையில் சாப்பிட்டாள்.

எலக்ட்ரீஷியன் மாமா, மழையில் நனைகிற இடம் என்பதால், மின்கசிவு வந்தால் உடனே கரண்டை நிறுத்திவிடுகிற ஆர்.சி.சி.பி. சுவிட்ச் போடாமல் விளக்கு மாட்ட மாட்டேன் என்று நின்றதற்கு நன்றி. மஞ்சள் விளக்குக்குப் பூச்சி அவ்வளவாக வரவில்லை. எதிர்வீட்டு மதினி கொடுத்த நொச்சிக் கன்றுகள் சுவரோரம் தழைத்துவிட்டன. அன்று கொசுவுக்குப் புகை போட்டதும் மதினி வீட்டு நொச்சி இலைதான்.

எட்டரை மணிக்கு நிலா வேம்புக்கு மேலே வந்தது. விளக்கை அணைத்தோம். ஆச்சி இடது கையால்தான் சாப்பிடுகிறாள் இப்போது. புளியோதரையை ஒரு வாய் வைத்துவிட்டு, "ஆத்துக் காத்து வருதுல்லா" என்றாள். வரத்தான் செய்தது.

வர முடியாமல் போனவர்கள் என்றைக்கு வந்தாலும் சரி, கதவு திறந்தே இருக்கும். கொத்தனார் அண்ணாச்சி, நீங்கள் வீட்டோடு வர வேண்டும். ஆச்சி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நொச்சிக் கன்று இன்னும் நான்கு மீதம் இருக்கிறது, வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆச்சியின் பேத்தி