'வீட்டுக்காரிக்கு' என்று சொல்ல வேண்டியதில்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச நாள் முன்பு ஒருவர் நைட்டி கேட்டு வந்தார். "வீட்டுக்காரிக்கு வேணும் அண்ணாச்சி, என் உயரம்தான் இருப்பா" என்றார். விரித்துக் காட்டியதும் தோள் அளவு பார்க்கத் தன் மேலேயே வைக்கப் போனார். பக்கத்தில் ஆள் வரவும் சட்டென்று சுருட்டி வைத்துவிட்டு, எல் அளவையே வாங்கிக்கொண்டு போனார். அவருக்கு டபுள் எக்ஸ்எல் வேண்டும் என்று எனக்குத் தெரியும். சொன்னால் சங்கடப்படுவாரோ என்று பேசாமல் இருந்துவிட்டேன். என் தப்புதான். அந்த நைட்டி அவருக்குத் தோளில் ஏறியிருக்காது.

தாங்களே உடுத்திக்கொள்ளப் பெண் உடை எடுக்க ஆண்கள் வருவது நம் பக்கத்தில் புதிதா என்ன? குலசேகரன்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டவர்கள், காளி வேஷத்துக்குச் சிவப்புச் சேலையும் குறத்தி வேஷத்துக்குப் பாவாடையும் சத்தமாகக் கேட்டுத்தான் வாங்குகிறார்கள். தை மாதத்தில் ஒருவர் தன் ஆசைக்கு ஒரு சேலை கேட்டால் மட்டும் ஏன் வியர்க்க வேண்டும்? அப்படி வருகிறவர்களில் திருநங்கையரும் இருக்கலாம், மனைவி மக்களோடு ஆணாகவே வாழ்கிறவர்களும் இருக்கலாம். யாருக்கு, எதற்கு என்று நாங்கள் கேட்க மாட்டோம். அளவை மட்டும் மறைக்காதீர்கள்.

சேலையில் பிரச்சினை இல்லை, ஐந்தரை மீட்டர் யாருக்கும் சுற்றும். ஜாக்கெட்டும் சுடிதாரும்தான் தோளில் பிடிக்கும். உங்களுக்குப் பொருந்துகிற சட்டை ஒன்றைக் கொண்டுவந்தால் அதை வைத்தே பார்த்துவிடலாம். உள்பாவாடைக்கு இடுப்போடு உயரத்தையும் சொல்லுங்கள்.

செருப்பு கொஞ்சம் கஷ்டம். பெண்கள் செருப்பு பெரும்பாலும் ஐரோப்பிய எண் 40, 41 வரைதான் வருகிறது. எட்டாம் நம்பர் ஷூ போடுகிறவருக்கு 42 வேண்டும், சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருகிறோம். நீளம் சரியாக இருந்தாலும் முன்பாதம் நெருக்கும். அதனால் முன்பக்கம் திறந்து, வார் பக்கிளில் கூட்டிக் குறைக்கிற மாதிரி எடுங்கள். முதல் தடவை ஊசிக் குதிகால் வேண்டாம், அகலக் குதிகால் நல்லது. சாயங்காலம் கால் சற்று வீங்கியிருக்கும். அப்போது ஒரு தாளில் பாதத்தை வைத்துப் பென்சிலால் வரைந்து கொண்டுவாருங்கள். கூட்டத்தில் உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்காது.

மாடியில் தாழ்ப்பாளும் ஆளுயரக் கண்ணாடியும் வைத்து ஒரு அறை ஒதுக்கியிருக்கிறோம். மதியம் 2 மணிக்கு மேல் கூட்டம் இருக்காது. பில்லுக்குப் போன் நம்பர் தர வேண்டாம், வீட்டு போனுக்கு மெசேஜ் போய்விடுமோ என்ற பயமும் வேண்டாம்.

முன்பு ஒருமுறை நம் கடைப் பையன் ஒருவன் ஒரு வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரித்துவிட்டான். அவர் அப்புறம் வரவேயில்லை. இதைப் படித்தால் அவர் எங்களை மன்னிக்க வேண்டும். கடையில் எல்லோரிடமும் உட்கார்ந்து பேசிவிட்டேன், இனி அப்படி நடக்காது.

நைட்டி வாங்கிப் போனவருக்கு: பில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கொண்டுவாருங்கள். அதே நீலப் பூப்போட்டதில் டபுள் எக்ஸ்எல் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கடை அண்ணாச்சி